நான்காம் நிமிடம், பன்னிரண்டாம் நொடி

செந்தூலில், டயர் கடைக்கு மேலே
மூன்றாவது மாடி. குளிர்சாதனம் ஒழுகும் அறை.
எண்பது வயதுக் கேலிச்சித்திரப் படங்கள், ஒவ்வொன்றும் எட்டு நிமிடம்.
வசன வரி எழுத, நிமிடத்துக்குப் பதினொரு ரிங்கிட்.
சீனத்துக்குக் கோக் வாய், மலாய்க்கு ரொஹானா,
தமிழுக்கு நான்.

பலூனில் ஏறிய கழுதை உலகம் சுற்றுகிறது.
பீக்கிங்கில் இறங்கியதும்
பல் முன்னால் துருத்த, கண் இரண்டு கோடாக,
துணி வெளுப்பவன் ஒருவன் குனிந்து குனிந்து ஓடுகிறான்.
நான் சிரித்தேன். ஓட்டம் அத்தனை கச்சிதம்,
தாளம் பிசகாமல் வெந்நீர்த் தொட்டியில் விழுந்தான்.
கோக் வாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்,
சட்டை நுனியால், நெடுநேரம்.

அடுத்து என் முறை.
ஆளைவிடத் தலைப்பாகை பெரிது.
அண்டாவின் அடிப்பக்கம் போல முகம்,
நடுவில் உதடு மட்டும் சிவப்பு.
மகுடியை ஊதினான். கூடைப் பாம்பு தூங்க,
கழுதையின் கழுத்துப்பட்டி எழுந்து ஆடியது.
கோக் வாய் சிரித்தான்.
சிரித்துவிட்டு என்னைப் பார்த்தான்.
பார்த்திருக்க வேண்டாம்.

"எங்களைக் காணோமே" என்றாள் ரொஹானா.
முழுவதும் ஓட்டிப் பார்த்தாள்.
பாலைவனம், பனிமலை, ஒரு கரடிகூட உண்டு.
தப்பித்தோம் என்றாளா, விட்டுவிட்டார்கள் என்றாளா,
குரலில் இரண்டும் இருந்தன.
ஏழாம் நிமிடத்தில் ஒரு தீவு.
கொண்டையில் எலும்பு செருகியவர்கள் உலை மூட்டினார்கள்.
பின்னால் தென்னை.
"இதுவாக இருக்குமோ?"
நாங்கள் பதில் சொல்லவில்லை.

கட்டம் கட்டமாக நிறுத்திப் பார்த்தேன்.
கண்ணாடித் தாளின் முன்பக்கம் கோடு, பின்பக்கம் நிறம்.
யாரோ ஒருத்தி, நாள்கூலிக்கு,
பழுப்புப் புட்டியைத் திறந்து
கோட்டைத் தாண்டாமல் அவனை நிரப்பியிருக்கிறாள்.
ஓரிடத்தில் தூரிகை மயிர் ஒன்று
கன்னத்தில் ஒட்டியபடியே உலர்ந்திருக்கிறது.
விரல்களை எண்ணினேன். நான்கு.
வெளுப்பவனுக்கு நான்கு, கையுறைக்குள் கழுதைக்கும் நான்கு,
உலை மூட்டுகிறவர்களுக்கும்.
அதில் மட்டும் ஓரவஞ்சனை இல்லை.

நான்காம் நிமிடம், பன்னிரண்டாம் நொடி,
பாம்பாட்டி வாய் திறக்கிறான்.
வந்த தாளில் குறிப்பு: பொருளற்ற ஒலி, எழுத வேண்டாம்.
பதினேழு முறை கேட்டேன்.
லபலப, கடமுட, தகரத்தில் கொட்டிய கொட்டைப்பாக்கு.
கேட்டவன் காதில் நாங்கள் இப்படித்தான் விழுந்திருக்கிறோம்.
பள்ளிப் பேருந்தின் பின்னிருக்கை
இதே ஓசையை என் பக்கம் வீசியதுண்டு.
சனிக்கிழமை காலைகளில் இதே ஆளைப் பார்த்து
நானும் விழுந்து விழுந்து சிரித்ததுண்டு.
அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெட்டலாம். நிலையத்தில் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள்.
வெட்டினால் கழுதை பீக்கிங்கிலிருந்து
நேரே பனிமலைக்குக் குதிக்கும்.
இடையில் ஆளே இல்லாத வானம்.

இரண்டு நொடி, முப்பத்தேழு எழுத்துக்குள்.
தமிழ்த் தடத்தை இந்தக் கட்டடத்தில்
என்னைத் தவிர யாரும் சரிபார்ப்பதில்லை.
தட்டினேன்:
"ஊதியாச்சு. காசு எங்கே?"

உதட்டசைவுக்குப் பொருந்தியது.
என்ன எழுதினாய் என்றான் கோக் வாய். சொன்னேன்.
ஒன்றும் பேசாமல் தன் தடத்தைத் திறந்து
தொட்டியில் விழும் இடத்துக்குப் போனான்.
கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம்.
ரொஹானா அந்தத் தென்னையை
இன்னும் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள்.