நூற்றுப் பன்னிரண்டு

ஜன்னலுக்குப் பின்னால் ஓரிசியா ஹ்ரின்சுக்
டிக்கெட் கிழிக்கிறாள்: இரண்டு டாலர்,
எந்த ஊருக்கும் இல்லை.

சஸ்காட்செவன் கோதுமைக்கு நடுவே
தண்டவாளத்தை ஒட்டி நின்றதாம் நிலையம்.
ரயில்வே வேண்டாமென்றதும்
லாரியில் ஏற்றி, சாலை கடந்து,
பள்ளி மைதானத்தில் இறக்கினார்களாம்.
கடைசியாகப் புறப்பட்டது
இந்தக் கட்டடம்தான்.

பார்சல் தராசில் ஏறி நின்றேன்.
"நூற்று அறுபது பவுண்டு.
கூடுதல் கட்டணம்" என்றாள், சிரிக்காமல்.

தந்திக் கருவியை விளக்கிக்கொண்டிருந்தவள்
பாதி வாக்கியத்தில் நின்றாள்.
அலமாரியில் விளக்குக் கண்ணாடிகள் கிணுகிணுத்தன.
தூரத்தில் சரக்கு ரயில்.
அது முடியும்வரை
ஜன்னலைவிட்டு நகரவில்லை அவள்.

"நூற்றுப் பன்னிரண்டு பெட்டி.
நேற்று தொண்ணூறுதான்."
பதிவேட்டில் எழுதி மையை ஊதினாள்.
கேட்க ஆளில்லாத கணக்கு.

பிறகு, விட்ட சொல்லிலிருந்து,
தந்தி.