மின்தடை அறிவிப்பு

செவ்வாய்க்கிழமை
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை
மாதாந்திரப் பராமரிப்பு.
பேப்பர் மூலையில்
எங்கள் துணைமின் நிலையத்தின் பெயர்.
மில் ஓடாது.
ஜவ்வரிசிக்கு லீவு என்றால்
எனக்கும் லீவு, நஸ்ரீனுக்கும்.

அவள் ஸ்கூட்டியில் பெட்ரோல் முள்
சிவப்புக்கும் கொஞ்சம் கீழே.
'ஃபேர்லேண்ட்ஸ் வரைக்கும் தாங்கும்,
திரும்புறதப் பத்தி அப்புறம்.'
அம்மாபேட்டை வெயிலைத் தாண்டி
ஐந்து ரோடு பாலத்தடியில்
ஒரு நிமிஷ நிழல்.
சீட்டுப் பணம் மூவாயிரம்
ரப்பர் பேண்டு போட்டு அவள் பர்ஸில்.
தீபாவளிக்கு இல்லை, காதுகுத்துக்கு இல்லை,
சும்மா செலவழிக்க என்றே
நாங்கள் கட்டிய முதல் சீட்டு.

முதல் கடையின் கண்ணாடிக் கதவு
தானே திறந்தது.
நஸ்ரீன் ஓர் அடி பின்னால் போனாள், மூடியது.
முன்னால் வந்தாள், திறந்தது.
மூன்றாம் முறை
காவலாளி சிரித்துவிட்டார்.

உள்ளே உப்பு மட்டும் ஏழு வகை.
ஏற்காட்டு மிளகு
சணல் பையில், கழுத்தில் நாடா கட்டி,
கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.
போன மாசம் ஒண்டிக்கடையில்
இதையேதான்
பழைய பேப்பரில் சுருட்டித் தந்தார்கள்.
தெரிந்த முகம் என்று காட்டிக்கொள்ளாமல்
நகர்ந்துவிட்டேன்.

இரண்டாவது கடையில்
பல்குத்தும் குச்சியில் ருசி பார்க்கக் கொடுத்தார்கள்.
நீலம் பூத்த பாலாடைக்கட்டி.
'பூசணம் புடிச்சிருக்கு தம்பி.'
'அதுக்குத்தான் மேடம் விலை.'
நஸ்ரீன் கண்ணை மூடி மென்றாள்.
'மழையில நனைஞ்ச சாக்கு' என்றாள்.
கொஞ்சம் கழித்து,
'இன்னொரு துண்டு கிடைக்குமா?'

பிறகு ஆலிவ்.
கடலில் தொலைந்துபோன நெல்லிக்காய்.
எனக்குப் பிடிக்கவில்லை.
ஆனாலும் நாக்கு
அந்த ருசியையே போய்ப் போய்த் தொட்டது,
பல் விழுந்த குழியைப் போல.
ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டேன்.
ஐந்நூற்று இருபது.

மூன்றாவதில்தான் அது.
மேல்தட்டில், சீன எழுத்துப் பொட்டலத்தில்
வெள்ளை உருண்டைகள்.
காதருகே வைத்து ஒரு குலுக்கு.
பதினோரு வருஷம்
தட்டில் மாதிரி பரப்பி
முழுசு, உடைசல், குருணை என்று
பிரித்த காது இது.
'ஈரம் போகல. ரெண்டாம் ரகம்.'
'தைவான் மேடம்' என்றான் பையன்.
'இருக்கட்டும். அங்கயும் அன்னிக்கு மேகமா இருந்திருக்கும்.'
கால் கிலோ முந்நூற்றெண்பது.
எங்கள் மூட்டை விலையை
நஸ்ரீன் விரலில் போட்டுப் பார்த்தாள்,
பாதியில் விட்டாள்.

சாப்பிடப் போன இடத்தில் நாற்காலிகள்
ஒன்றுபோல் ஒன்று இல்லை.
அப்படித்தான் போடுவார்களாம்.
வாழப்பாடிப் பையன் ஒருவன்
வாயில் நுழையாத பெயர்களையெல்லாம்
தாழ்ந்த குரலில் அவிழ்த்துக் காட்டினான்:
'இது சேமியா மாதிரிக்கா, இது மாவு உருண்டை,
இத மட்டும் வாங்காதீங்க.'
நஸ்ரீன் அதைத்தான் வாங்கினாள்.
நன்றாகவே இருந்தது.

எனக்கு மாம்பழப் பாலில்
ஜவ்வரிசி மிதக்கும் கிளாஸ்,
சுண்டுவிரல் நுழையும் ஸ்ட்ரா.
குறை சொல்லத்தான் உறிஞ்சினேன்.
நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லை,
குழைவும் இல்லை.
யாரோ அடுப்பை விட்டு நகராமல்
வேகவைத்திருக்கிறார்கள்.
'உள்ள யாரு?'
'பீகார் அண்ணன்க்கா.'
'சொல்லு அவர்கிட்ட' என்றேன்.
என்ன சொல்ல என்று
அவனும் கேட்கவில்லை.

பட்டைக்கோயில் பக்கம் வண்டி நின்றது.
ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினோம்.
மிச்சப் பணத்தில் அரை லிட்டர் பெட்ரோல்,
சில்லறைக்குத் தட்டுவடை செட்.
பீட்ரூட் துருவல் உதட்டில் ஒட்ட
'அடுத்த மாசம் கரண்ட் எப்ப போகும்?' என்றாள்,
பண்டிகைத் தேதி கேட்பவளைப் போல.

வீட்டில் இன்னும் கரண்ட் வரவில்லை.
இருட்டுச் சமையலறையில்
பாட்டிலைத் திறந்து ஒன்று.
பிறகு இன்னொன்று.
இரண்டாவது அவ்வளவு மோசமில்லை.

சொன்னபடி ஐந்துக்கு வந்துவிட்டது.
முதலில் சுழன்றது மின்விசிறி.
மேசைமேல் மறந்துவைத்த பில்
பறந்துபோய்
அவர் காலடியில் விழுந்தது.
அவர் குனியவில்லை, பாட்டிலைத்தான் பார்த்தார்.
'நெல்லிக்காயா?'

ஆமாம் என்றேன்.
பில்லின் மேல் காலை வைத்துக்கொண்டு
ஒன்று எடுத்து நீட்டினேன்.