அடிமண்டி

கல்யாணப் பந்தியில் ரசத்தைப் புகழாதவன்
எங்கள் பக்கத்தில் கிடையாது.
உள்ளங்கையைக் குழித்து வாங்கிக் குடித்து
"பேஷ்" என்று தலையாட்டுவான்.
அடியில் கிடப்பதை மட்டும்
யாரும் மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.
மண்டி.
நெல் மண்டிக்காவது வாசலில் போர்டு உண்டு.

நன்னிலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
சுந்தராம்பாள் மெஸ்.
மதியம் ஒன்றரை மணிக்கு
வாளியும் கரண்டியுமாகப் பக்கிரிசாமி வருவார்.
"தெளிவா, கலக்கியா?"
பத்திர ஆபீஸ் ஹெட்கிளார்க், தெளிவு.
உரக்கடை தாஜுதீன், தெளிவு.
மருந்துக் கம்பெனிப் பையன்
டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, தெளிவு.
நான் மட்டும்
"அடியிலேர்ந்து."

கரண்டி ஆழம் போகிற சத்தம் வேறு.
தகரத்தை ஒருமுறை உரசிவிட்டு மேலே வரும்:
வெந்து உருவம் போன துவரம்பருப்பு,
தட்டிப்போட்ட மிளகு,
சுருண்ட தக்காளித் தோல்,
புளி நார்,
கரையாமல் தப்பித்த பெருங்காயக் கட்டி
(பல்லில் பட்டால் சாயங்காலம் வரை வாசனை).
சோற்றில் குழி பறிக்க வேண்டாம்.
ஊற்றிய இடத்தில் நிற்கும்.

எனக்கு உத்தியோகம்
மண் பரிசோதனை நிலையத்தில்.
கண்ணாடிக் குழாயில் மண்ணும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி
மேஜையில் வைத்துக் காத்திருக்க வேண்டும்.
முதலில் மணல் இறங்கும்.
பிறகு வண்டல்.
களி மட்டும் மனசில்லாமல்
மறுநாள் காலைவரை இறங்கிக்கொண்டிருக்கும்.
மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரைக் காட்டி
"சார், இது எப்படி?" என்று
ஒரு விவசாயியும் கேட்டதில்லை.
சாய்த்துக் கொட்டிவிடுவோம்.
அடியில் தங்கியதற்குத்தான் சீட்டு:
தழை இவ்வளவு, மணி இவ்வளவு,
சாம்பல் இவ்வளவு.

குடகில் கிளம்பிய ஆறு
தெளிவை மட்டும் சுமந்து வந்திருந்தால்
இங்கே ஊரே இல்லை, கடல்தான்.
நாம் இலை போட்டு உட்கார்ந்திருப்பது
காவிரியின் அடிமண்டியில்.
இதை ஒருநாள் பக்கிரிசாமியிடம் சொன்னேன்.
"மோர் ஊத்தவா?" என்றார்.

ஐப்பசி. விடாத மழை.
முடிகொண்டான் கரையோரம் மண் எடுத்துவிட்டு
மெஸ்ஸுக்கு வரும்போது மணி மூன்றரை.
கதவு பாதி சாத்தியிருந்தது.
உள்ளே பக்கிரிசாமி,
பாத்திரம் தேய்க்கும் வள்ளிக்கண்ணு,
இலை எடுக்கும் பையன்.
நடுவில் வாளி.
தெளிவெல்லாம் விற்றுப்போன வாளி.
கூட்டு இல்லை, பொரியல் இல்லை,
கூடையடி அப்பளத்தூள் கொஞ்சம்.
மூன்று தட்டுக்கும்
சுரண்டிப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்.
அந்தச் சத்தம்
எனக்குத் தெரிந்த சத்தம்.

பதினோரு வருஷம்.
நாளுக்கு இரண்டு கரண்டி.
குழாய்க்குக் குழாய் கோடு கிழித்து அளக்கிறவன்,
இதை அளக்கவில்லை.

"ரசம் தீந்துபோச்சு சார்" என்றார்.
வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"அடி இருக்கு. உக்காருங்க."

பசிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்.
பசித்தது.
நாலாவது தட்டு வந்தது.
வள்ளிக்கண்ணு தன் பங்கிலிருந்து
பேசாமல் ஒதுக்கித் தள்ளினார்.
பெருங்காயக் கட்டி பையனுக்குப் போனது;
முகத்தைச் சுளித்து
தட்டோரம் துப்பினான்.
நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாராட்ட வேண்டும் என்றுதான்
இதை எழுத உட்கார்ந்தேன்.
இப்போது, தயவுசெய்து,
பக்கத்து இலைக்காரர் காதில் விழாமல் படியுங்கள்.

மறுநாள் ஒன்றரை மணி.
"தெளிவா, கலக்கியா?"
தெரிந்தும் கேட்டார்.
"தெளிவு" என்றேன்.
மேலாக முகந்து ஊற்றினார்.
நல்ல ரசம்தான். உப்பு சரி, புளி சரி.
நிற்காமல்
இலை நுனியைப் பார்த்து ஓடியது.
சோற்றால்
வரப்பு கட்டினேன்.