விருந்துக்கு முன் வேலி

மிதப்பதை எல்லாம் எறிந்துவிடச் சொன்னார் ரஸ்ஸல்.
வாளித் தண்ணீரில் முந்நூறு ஓக் கொட்டை.
மூழ்கியவை நூற்று எண்பத்து நான்கு.
மிதந்ததில் ஒன்றை நகத்தால் பிளந்தேன்.
உள்ளே வெள்ளையாய் ஒரு புழு,
வீடு கட்டி முடித்து
விளக்கணைத்துப் படுத்திருந்தது.

மிசூரியில், ரோலாவுக்குத் தெற்கே பதினெட்டு மைல்.
ஒன்பது ஏக்கர் பழைய புல்வெளி,
கல் அதிகம், மண் கொஞ்சம்.
வாங்கிய வருடம் மான் வரும் என்றார்கள்.
வந்தது.
பந்தி முடிந்தபின் வந்த சம்பந்தி போல
சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு
பேசாமல் ரஸ்ஸலின் நிலத்துக்குப் போனது.

அகராதியில் இந்த மரத்துக்குக் கருவாலி என்று பெயர்.
சரிவில் நின்று சத்தமாய்ச் சொல்லிப் பார்த்தேன்.
எதுவும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளை ஓக் அவசரக்காரி,
பனி விழுமுன்பே வேரை இறக்கிவிடுவாள்.
சிவப்பு ஓக் மூன்று மாதக் குளிர் கேட்கும்.
ஈர மணலில் பொதிந்து
தயிர் டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன்.
மூடியில் எழுதினேன்: தயிர் அல்ல.
சிவநேசன் திறந்து பார்த்திருக்க வேண்டும்.
மறுநாள் என் எழுத்தின் கீழே அவர் எழுத்து:
எப்போது காய்க்கும்?
நான் எழுதினேன்: இருபது வருடம்.
அதற்கப்புறம் மூடியில் இடமில்லை.

எனக்கு ஐம்பத்தொன்று.
முழங்காலில் உலோகம் வைத்த ரஸ்ஸலுக்கு எழுபத்து நாலு.
கணக்கைச் சொன்னேன். அவர் காதில் வாங்காமல்
அடுத்த குழிக்குக் கடப்பாரையைத் தூக்கினார்.

அணில் தோண்டியது போக
மே மாதம் அறுபத்தோரு முளை.
ஒரே இரவில் பாதி, தளிரோடு போயிற்று.
கத்தரித்த மாதிரி இல்லை, கிழித்த மாதிரி.
மானுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது,
அதனால்தான் இந்தக் கந்தல் என்று காட்டினார்.
வேலியே பயிரை மேய்வதற்குப் பழமொழி இருக்கிறது.
விருந்தாளியே
தன் இலைக்கான வாழையைத் தின்றுவிட்டால்
என்ன சொல்வது?

குழாய் வாங்கினேன், ஐந்தடி உயரம், நாற்பது.
ஒவ்வொரு கன்றுக்கும் ஒன்று, ஒரு முளைக்குச்சி, இரண்டு முடிச்சு.
சரிவெங்கும் வெளிர்பச்சையாய் நிற்கின்றன.
தபால் கொண்டுவந்த கார்லா
"யாரைப் புதைத்தாய் இத்தனை பேரை?" என்றாள்.

முடிச்சுப் போடும்போது ரஸ்ஸல் கேட்டார்:
உனக்கு எதற்கு மான்?
பார்க்க, என்றேன்.
சிரித்தார். எனக்குத் தின்ன.
சொல்லிவிட்டு என் முடிச்சை அவிழ்த்து
சரியாய்ப் போட்டார்.

நவம்பரில் ஆரஞ்சுச் சட்டையோடு வந்தார்.
வெள்ளைக் காகிதப் பொட்டலம், மேலே தேதி, எடை.
வாசலில் நின்றே நீட்டினார், பூட்ஸில் சேறு என்று.
என் வீட்டில் யாரும் மாமிசம் தொட்டதில்லை.
அது அவருக்குத் தெரியாது,
அல்லது தெரிந்தும் கொண்டுவந்தார்.

இரண்டாம் வருடத் தயிர் டப்பாக்கள் கீழ்த்தட்டில்.
அவர் பொட்டலம் மேலே, பனிப்பெட்டியில்.
மேலே மான்,
கீழே மானுக்கான மரம்,
நடுவில் ஓர் அங்குலப் பிளாஸ்டிக்.
நான் அதைச் சமைக்கவில்லை.
எறியவும் இல்லை.
இரவில் தண்ணீருக்குத் திறக்கும்போதெல்லாம்
மஞ்சள் வெளிச்சத்தில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன்.

எல்லைக் கம்பியோரம் அவருடைய பழைய வைக்கோல் வண்டி,
துருப்பிடித்து, அச்சுவரை மண்ணில் புதைந்து.
இரும்புக்காரனுக்கு விற்கப் போகிறேன் என்று
மூன்று வருடமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.
இந்த ஏப்ரலில் அதன் சக்கரக் கம்பிகளுக்கு நடுவே
ஓர் ஓக், என் இடுப்பு உயரம்.
நான் நட்டதல்ல. அவரும் இல்லை.
ஏதோ ஒரு ப்ளூ ஜே ஒளித்துவைத்து
மறந்துபோயிருக்கிறது.
மான் மூக்கை நுழைக்க முடியாத இடமாய்ப் பார்த்து.
குழாய்க்குள் நிற்கும் என்னுடையவை
இன்னும் முழங்காலைத் தாண்டவில்லை.

நோட்டில் இதையும் சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.
ரஸ்ஸல் குனிந்து, துருவைத் தட்டி,
இலை ஒன்றைப் புரட்டிப் பார்த்து
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு, "வண்டியை யாராவது கேட்டு வந்தால்
விற்றாயிற்று என்று சொல்" என்றார்.