கொக்கியில் ஒன்றுமில்லை

ஷார்ஜா அல் கானில், கடலுக்கு எதிரே
நாற்பத்தெட்டாவது ஸ்லாப் வார்த்துக்கொண்டிருந்த மார்ச் மாதம்.
மேலே நெய்னா. கீழே நான்.
நடுவே ஒரு வாக்கி டாக்கி,
மதியத்துக்கு மேல் சார்ஜ் இறங்கி இருமத் தொடங்கும்.

கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கீழே நிற்பவன்தான் கண்.
கம்பிக்கட்டு, கான்கிரீட் வாளி,
ஒருமுறை ஒரு முழுக் கக்கூஸ் பெட்டி,
எல்லாம் என் சொல்லில்தான் ஏறின.
முகம் பார்த்துக்கொண்டது குறைவு.
குரலை வைத்தே சொல்லிவிடுவேன்:
இன்றைக்கு ஸஹருக்கு எழவில்லை,
வெறும் வயிற்றில் வைத்த நோன்பு.

மூன்றாம் நோன்பு. நாலடிக்க ஐந்து நிமிஷம்.
"சூசை அண்ணே, கொக்கியில ஏதாச்சும் இருக்கா?"
"ஒண்ணுமில்ல."
"அடியில ஆள்?"
"இல்ல."
"அப்ப எனக்கு அஞ்சு நிமிஷம் குடுங்க."

அறுபது மீட்டர்க் கை,
மஞ்சள் உரிந்து துரு காட்டும் அந்த இரும்புக் கை
ரோட்டை விட்டு, கார்களை விட்டு,
கடலின் மேல் நிழலை இழுத்துக்கொண்டு
மேற்கே, கொஞ்சம் தெற்காக வந்து நின்றது.

அந்தக் கூண்டில் உட்காரத்தான் இடம்.
முழங்கால் கண்ணாடியில் இடிக்கும்.
பாய் விரிக்கவா, குனியவா?
நாற்காலி பார்க்கும் திசைதான் கிரேனுக்கும் திசை.
தான் மட்டும் திரும்ப வழியில்லாதவன்
எதிர்எடைக் கற்களோடு, வடத்தோடு, விளக்கோடு
எல்லாவற்றையும் கிப்லாவுக்குத் திருப்பினான்.
அரை பாட்டிலில் ஒளு.
மீதி அரை மஃரிபுக்கு.

எனக்கும் தவக்காலம்தான்.
நான் விட்டது சிகரெட்.
அந்த வியாழனோடு அதுவும் போயிற்று.

பத்தாம் நாள் சேஃப்டி ஆஃபீசர் ரொமெல் கேட்டான்:
தினமும் இந்நேரம் அந்தக் கிரேன் ஏன் அங்கே பார்க்கிறது?
காற்று, என்றேன்.
கருவியை உயர்த்திப் பிடித்தான்.
வடமேற்கிலிருந்து, ஒன்பது நாட்.
இந்தக் காற்றுக்கு எந்தக் கையும் அப்படித் திரும்பாது,
அவனுக்கும் தெரியும்.
நோட்டில் எழுதினான்: காற்று.
பிறகு பேனாவால் ஹெல்மெட்டுக்குள் சொறிந்தபடி
"கொக்கியில் ஒன்றுமில்லைதானே?" என்றான்.

நேற்று ஓவர்டைம்.
கான்கிரீட் லாரி நெரிசலில் மாட்ட,
நெய்னா இறங்க முடியவில்லை.
ஆறு இருபத்தெட்டுக்கு மூன்று பள்ளிகளில் பாங்கு,
ஒன்றின் வாலை ஒன்று பிடித்து.
பிளாஸ்டிக் விரிப்பில் பெஷாவர்க்காரர்களும் வங்காளிகளும்
ஒரே தாம்பாளத்தில் கை வைத்தார்கள்.
நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்கள்.

"நெய்னா, பாங்கு சொல்லியாச்சு. தொற."
இரைச்சல்.
"இங்க சூரியன் இன்னும் இருக்குண்ணே."
"பாங்கு கேக்குதுல்ல?"
"கேக்குது. ஆனா கண்ணுக்குத் தெரியுதே."

யார் பார்க்கப் போகிறார்கள் இருநூறு மீட்டரில்?
மடியில் மூன்று பேரீச்சம்பழம்,
ஊருக்கே முடிந்துவிட்ட பகலில்
தனியாக இரண்டு நிமிஷம் நோன்பாளி.

"எவ்வளவு இருக்கு?"
"ஒரு நகம் அளவு."
பொறுத்து,
"இப்ப?"
"ஓரம் மட்டும்."

என் கையிலும் அவர்கள் தந்த பழம்.
மத்தியானம் மூக்குமுட்டத் தின்றவன்
ஏன் அதை வாயில் போடாமல் நின்றேன் என்று
இப்போதும் சரியாகச் சொல்ல வரவில்லை.
வாய் நிறைய வைத்துக்கொண்டு
மேலே இருப்பவனுக்கு எப்படிப் பேச்சுக் கொடுப்பது,
அவ்வளவுதானோ என்னவோ.

"போயிருச்சுண்ணே."
பிஸ்மி சொன்னான்.
மைக்கிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டான்.
அரை பாட்டில் தண்ணீர் தொண்டையில் இறங்கும் சத்தம்
மடக், மடக் என்று
நான்காம் சேனல் முழுக்கக் கேட்டது.
ரொமெல், லிஃப்ட்காரன், கேட் வாட்ச்மேன்,
யாரும் குறுக்கே பேசவில்லை.

கொட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
லாரி வந்துவிட்டது.
"நெய்னா, எறக்கு. மெல்ல.
கொக்கியில ஒண்ணுமில்ல."