இருபத்து நான்கு இமைப்பு

பெட்டியில் எழுதியிருந்தது நூற்று நாற்பத்து நான்கு.
ஒரு நொடிக்கு அத்தனை முறை இமைக்குமாம் புதுத் திரை.
ஔலு ஆஸ்பத்திரியின் சலவைத் தளத்தில்
எட்டு மாதம் ஓவர்டைம் பார்த்த காசு.

முதல் இரவே திக்கியது.
பந்தயக் கார் வளைவில் திரும்பும்போது
யாரோ சட்டையைப் பின்னாலிருந்து பிடித்ததுபோல
ஒரு சின்ன நிறுத்தம்.
கவனிக்காதவர்களுக்குத் தெரியாது.
கவனித்துவிட்டால் அதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன், அறுபதில் கிடந்தது.
அடப்பாவி என்று ஏற்றிவிட்டேன். திக்கல் போகவில்லை.
கேபிளைக் கழற்றிச் செருகினேன்.
டிரைவரைத் துடைத்துப் புதிதாய்ப் போட்டேன்.
தூசி ஊதினேன், தும்மினேன்.
மேல்வீட்டு ஹெய்மோ வந்தான், இதெல்லாம் தெரிந்தவன்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
கார்டின்மேல் புறங்கையை வைத்து
"சூடு இல்லை" என்றான்,
காய்ச்சல் பார்ப்பவன் மாதிரி.
இரண்டு காப்பி குடித்தான். போனான்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.

நான்காம் நாள்தான் கண்ணில் பட்டது.
இடப்பக்கம் பழைய திரை. அறுபது.
அதில் எப்போதும் திறந்தே கிடக்கும் ஒரு ஜன்னல்:
கெமி துறைமுகத்துக் கேமரா.
பனிக்கட்டி, விளக்குக் கம்பம், மறுபடி பனிக்கட்டி.
யால்மரி வேலை பார்க்கும் பனி உடைக்கும் கப்பல்
எப்போதாவது அதன் ஓரத்தில் வந்து நிற்கும்,
என் சுண்டுவிரல் நகமளவு.

ஜன்னலை மூடினேன்.
கார் வழுக்கிக்கொண்டு போனது, ஒரு பிசிறில்லை.
திறந்தேன். திக்கியது.
மூடினேன்.
திறந்தேன்.
கண்டுபிடித்த சந்தோஷம் அரை நிமிடம்கூட இல்லை.

நூற்று நாற்பத்து நான்கும் அறுபதும்
எந்த நடையிலும் சேராத இரண்டு கால்கள்.
விரல்விட்டுக் கணக்குப் போட்டேன்,
நாளெல்லாம் போர்வை எண்ணுகிறவள்தானே.
நூற்றிருபது என்றால்
அது ஒரு அடி வைப்பதற்குள் இது இரண்டு.

இறக்கிவிட்டேன்.
காசு கொடுத்து வாங்கிய இருபத்து நான்கு இமைப்பு
நொடிக்கு நொடி வீண்.
ஹெய்மோவிடம் சொன்னால் அடிக்க வருவான்.

இப்போது அதிகாலை மூன்றரை.
மூன்றாம் சுற்று, நான்தான் முன்னால்.
இடப்பக்கம் பனிக்கட்டி, விளக்குக் கம்பம்,
கம்பத்துக்குப் பின்னால் ஏதோ புகைகிறது.
திரும்பிப் பார்த்தேன்.

சுவரில் மோதிய கார்
துளியும் திக்காமல் நொறுங்கியது.