ஓடு

கத்தானியாவில் நேற்றிரவும் சாம்பல் பெய்தது.
ஓடுகளின் மேல் கருமணல்.
நுன்சியாத்தா செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தாள்.

போன வருஷம் இதே கணக்குக்கு
லியோனுக்கு ஒரு பாஷை, கிராக்கோவுக்கு ஒரு பாஷை,
தைப்பேயின் வரிசையில் நிற்க வேறு சான்றிதழ்.
எரிமலை படித்தவள்
நானூறு வரி எழுதினாள். மலையைப் பற்றி
அதில் ஒன்பது.

மிச்சத்தை என் தலையில் போட்டுக்கொண்டேன்.
பதினாலு மாதம்.
இப்போது அவள் எழுதுவது
எது வேண்டும், எத்தனை துண்டாக,
அப்புறம்
ஓடு.

விடியற்காலை மூன்றுக்கு கிராக்கோவில் மின்சாரம் போனது.
பாதியில் நின்ற அறுபது துண்டுகள்
யாரையும் எழுப்பாமல் இடம் மாறின.
காலையில் திரையில் படம் இருந்தது:
பாறைக்குழம்பின் அழுத்தம், சிவப்பில்,
நாங்கள் நினைத்ததைவிட மேலே.

"எங்கே ஓடியது, அகத்தீனோ?"
பதிவேட்டைத் திறக்கப் போன கையை
எடுத்துக்கொண்டேன்.
"தெரியணுமா?"
அதற்குள் அவள்
அடுத்த ஓடு தட்டிவிட்டாள்.

அலுவலகப் படிவத்தில்
'இந்த ஆண்டு செய்தவை' என்ற கட்டம்
இன்னும் காலி.
எதிர்க் கூரையில் யாரோ
சாம்பலைக் கூட்டித் தள்ளுகிறார்கள்,
ஓட்டுக்குச் சேதமில்லாமல்.